பலகை கழற்றாத சுவர்

கொங்கிறீற் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாள் உண்டு: பலகை கழற்றும் நாள். ஊற்றுகிற அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பலகையைக் கழற்றும்போதுதான் தெரியவரும். சில இடத்தில் முகம் வழுவழுப்பாக வந்திருக்கும். மூலையிலும் கம்பி நெருக்கமாக உள்ள இடத்திலும், சாந்து இறங்காமல் சல்லி மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவே ஓட்டை ஓட்டையாக நிற்கும். தொழிலில் அதைத் தேன்கூடு என்போம். வலிகாமம் வடக்கில் மேசன் வேலை செய்த என் அப்பா, தூணோ வளையோ பலகை கழற்றுவதென்றால் முதலில் வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்புவார். அவர் வந்து நின்ற பிறகுதான் முதல் ஆணியைப் பிடுங்குவார். தேன்கூடு இருந்தால் வீட்டுக்காரரும் பார்க்கட்டும் என்பது அவருடைய முறை. பூசி மறைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுகிற மேசன்மாரை அவர் தொழிலாளியாகவே எண்ணியதில்லை.

நான் கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுச் சுவர் எழுப்புகிறேன். எங்கள் சுவர்களுக்குப் பலகை கழற்றும் நாள் கிடையாது. ஏனென்றால் பலகையே சுவரின் பகுதியாக உள்ளே நின்றுவிடுகிறது. ஐசிஎஃப் என்று இந்த முறையைச் சொல்வார்கள். இலங்கையில் ரெஜிபோம் என்றும் தமிழகத்தில் தெர்மோகோல் என்றும் சொல்லப்படும் அதே வெள்ளை நுரைதான் இங்கே பலகை. ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேலான தடிப்புள்ள இரண்டு நுரைப்பலகைகள். நடுவே ஆறு அல்லது எட்டு அங்குல வெளி. இரண்டையும் விலகாமல் பிடித்து வைத்திருக்கப் பிளாஸ்ரிக் இணைப்புகள். இந்தப் பிளொக்குகளை வரிசை வரிசையாக அடுக்கி, வரிசைதோறும் கிடைக்கம்பி வைத்து, மேலிருந்து நிலைக்கம்பி இறக்கி, பக்கங்களில் முட்டுக் கொடுத்து, பம்ப் லொறி கொண்டுவந்து நடுவெளிக்குள் கொங்கிறீற் ஊற்றுகிறோம். அது இறுகிய பிறகு முட்டுகளைக் கழற்றுகிறோம். நுரை அங்கேயே நிற்கிறது. அதன்மேல் உள்ளே அரை அங்குல ஜிப்சம் பலகை அடிக்க வேண்டும், தீக்காக அது சட்டம். வெளியே செங்கல்லோ பூச்சோ வருகிறது. கொங்கிறீற்றின் முகம் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு போர்வைக்குள் போய்விடுகிறது.

இந்த முறையின் பிறப்பும் கனடாதான். வேர்னர் கிரிகோரி என்ற ஒப்பந்தக்காரர் 1966 மார்ச்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 16 அங்குல உயரம், 48 அங்குல நீளம், ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் விளிம்பு. இன்றைக்கு நாங்கள் தூக்கி வைக்கும் பிளொக்கும் பெரும்பாலும் அந்த அளவுதான். குளிரோடு வாழ்கிற நாட்டில் இப்படியொன்று தோன்றியதில் வியப்பில்லை. ஜனவரியில் பாரி நகரில் சுழியத்துக்குக் கீழ் 20 பாகை போகிற இரவுகள் உண்டு. அப்படியொரு இரவில் இந்தச் சுவருக்கு உள்ளே நின்று கையை வைத்துப் பார்த்தால் சில்லிடாது. காற்று எங்கும் நுழையாது. அதனால் மூச்சுக்காற்றை மாற்றுவதற்குத் தனி இயந்திரமே பொருத்த வேண்டியிருக்கும். கொங்கிறீற்றுக்கும் நுரை நல்லது செய்கிறது. ஈரத்தையும் சூட்டையும் வெளியே விடாமல் வைத்திருப்பதால் அது ஆறுதலாக, முழுமையாக இறுகுகிறது. மரச்சட்ட வீடுகளே வழக்கமான இந்த நாட்டில் இப்படிப்பட்ட சுவரை விரும்பிக் கேட்பவர்கள் கூடிவருவதை நான் சந்தோஷத்தோடு பார்க்கிறேன். இந்தத் தொழிலை நான் நேசிக்கிறேன். நேசிப்பதனால்தான் அதற்குள் இருக்கும் ஒரு கேள்வியை விட்டு விலக முடியவில்லை.

கேள்வியைச் சொல்வதற்கு முன் ஊற்றும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இறுகாத கொங்கிறீற் தண்ணீரைப் போலப் பக்கங்களைத் தள்ளும். ஆனால் தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம், ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 2400 கிலோ. எட்டு ஒன்பது அடிச் சுவரை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் நுரை தாங்காது, பிளந்துகொண்டு வெளியே கொட்டும். ஆகவே நான்கடி நான்கடியாகத்தான் ஏற்ற வேண்டும். வீட்டைச் சுற்றி ஒரு சுற்று ஊற்றி, தொடங்கிய இடத்துக்கு வரும்போது முதல் ஊற்று சற்றே இழுத்திருக்கும். அதன்மேல் அடுத்த சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விரல் தடிப்பை விடச் சற்றுப் பெரிய தலையுள்ள வைப்ரேட்டரை உள்ளே இறக்கி, கீழேயுள்ள பழைய ஊற்றுக்குள்ளும் சிறிது போகவிட்டு, மெல்ல இழுத்து எடுக்க வேண்டும். அப்போதுதான் காற்று வெளியேறிச் சாந்து எல்லா இடுக்கிலும் போய் நிற்கும், இரண்டு ஊற்றும் ஒன்றாகும்.

ஆபத்தான இடம் சன்னலுக்குக் கீழே. சன்னல் வருகிற வெளியை முன்கூட்டியே ஒரு சட்டத்தால் அடைத்து வைத்திருப்போம். மேலிருந்து ஊற்றுகிற கொங்கிறீற் அந்தச் சட்டத்தின் இரண்டு பக்கமும் இறங்கி, பிறகு அடியில் பக்கவாட்டாக ஓடி வந்து நிரம்ப வேண்டும். தானாக ஓடி வராது. அதற்காகச் சட்டத்தின் அடிப்பலகையில் துளை விட்டிருப்போம். அதற்குள்ளே வைப்ரேட்டரை இறக்க வேண்டும், தேவையானால் அதன் வழியாகவே ஊற்றவும் வேண்டும். சன்னலுக்கு மேலே உத்தரக் கம்பி அடர்த்தியாக இருக்கும் இடமும் இதே போலத்தான். இவை சள்ளை பிடித்த வேலைகள். லொறி காத்து நிற்கும். பம்ப் லொறிக்கு மணிக்கணக்கில் காசு. நாள் முழுக்க முட்டுக்கட்டையின் மேல் நடந்தவனுக்குக் கால் வலிக்கும். அந்தத் துளைக்கு முன் மண்டியிட்டு உட்காருவதா, அடுத்த மூலைக்குப் போவதா?

இங்கே தொழிலின் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. நுரை பிளந்துகொண்டால் எல்லோரும் பார்ப்பார்கள். கொங்கிறீற் முற்றத்தில் கொட்டும். ஒட்டுப்பலகையும் ஸ்குரூவும் எடுத்துக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். வீட்டுக்காரர் படம் எடுப்பார். உள்ளே வெற்றிடம் விழுந்தாலோ ஒருவரும் பார்ப்பதில்லை. வைப்ரேட்டரைக் கூட நேரம் வைத்தால் பிளக்கும் என்று பயம். குறைவாக வைத்தால் வெற்றிடம் விழும் என்று தெரியும். ஆகவே பார்வைக்குப் பயந்தவன் என்ன செய்கிறான்? காணக்கூடிய பிழையைத் தவிர்ப்பதற்காகக் காணமுடியாத பிழையைத் தெரிந்தெடுக்கிறான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பயம் மட்டுமே. பிறர் கண்ணுக்குப் பயப்படுகிற பயமே சுவருக்குள் பொந்து வைக்கிறது.

நகரசபைக் கட்டட இன்ஸ்பெக்டர் வருவார். கம்பியின் இடைவெளியை அளப்பார், மூலையில் கம்பி வளைந்து திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பார். நல்ல மனிதர்கள், கவனமாகப் பார்ப்பவர்கள். ஆனால் அவர்கள் வருவது ஊற்றுக்கு முன். ஊற்றிய பிறகு பார்ப்பதற்கு வெள்ளை நுரைதான் இருக்கும். சந்தேகம் வந்தால் ஓரிடத்தில் நுரையை வெட்டி எடுத்துப் பார்க்கலாம். சந்தேகம் வராத சுவரை யாரும் வெட்டுவதில்லை.

ஒரு நாள் பிற்பகல், இரண்டாவது சுற்று முடிகிற நேரத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொடியன் ஒருவன் என்னைக் கேட்டான். “அண்ணை, இதுக்குள்ளை ஆர் வந்து பாக்கப் போகினம்?” குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அவனுக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. இரண்டு மாடி வீட்டின் பாரத்துக்கு ஆறு அங்குலக் கொங்கிறீற் என்பது தேவைக்கு மிக அதிகம். உள்ளே இரண்டு மூன்று இடத்தில் கையளவு வெற்றிடம் இருந்தாலும் சுவர் நிற்கும். அநேகமாக நூறு வருடம் நிற்கும். பொறியியலாளர் கணக்குப் போடும்போதே வேலைக்காரன் பிழை விடுவான் என்று எண்ணித்தான் மிச்சம் வைக்கிறார். அப்படியானால் ஒருவரும் காணாத, ஒருவரையும் கெடுக்காத ஒரு குறையைத் தவிர்ப்பதற்கு ஒருவன் ஏன் மண்டியிட வேண்டும்?

இது வேலைத்தலத்துக் கேள்வியாகத் தோன்றலாம். எனக்கு இது சமயத்தின் மிகப் பழைய கேள்வி. யார் சாட்சி என்ற கேள்வி.

சிறுவயதிலிருந்து எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட விடை, கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது. சித்திரகுப்தனின் ஏடு எங்கள் வீட்டில் சும்மா ஒரு கதையாக இருந்ததில்லை. சித்திரை மாதத்துப் பூரணையில் அம்மா அதற்கென்றே கஞ்சி காய்ச்சுவா. இந்த விடையை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. எத்தனையோ கைகளை அது பிழையிலிருந்து நிறுத்தியிருக்கிறது. ஆனால் சுவர் வேலை எனக்குக் காட்டித்தந்தது வேறு. கடவுளை மேலேயிருந்து பார்க்கிற இன்ஸ்பெக்டராக வைத்தால், இன்ஸ்பெக்டரிடம் நடந்துகொள்வது போலவே அவரிடமும் நடந்துகொள்வோம். அவர் பார்க்கும் இடத்தில் கம்பியை ஒழுங்காகக் கட்டுவோம். பார்த்துவிட்டுப் போன பிறகு கணக்குத் தீர்ந்தது என்று இருப்போம். கோவிலுக்கு உபயம் செய்து சரிக்கட்டலாம் என்ற எண்ணம் வருவதும் அங்கேயிருந்துதான். பயம் எப்போதும் வெளியே தெரிகிற பிழையைத்தான் முதலில் கவனிக்கும். பிளந்துவிடுமோ என்று அஞ்சி வைப்ரேட்டரை இழுத்துக்கொள்கிற கையும், தண்டனைக்கு அஞ்சிப் புண்ணியம் சேர்க்கிற கையும் எனக்கு ஒரே கையாகத் தெரிகின்றன.

இரண்டாவது விடை, விளைவைப் பார் என்பது. எங்களோடு அசோரஸ் தீவுகளிலிருந்து வந்த ஒரு போர்த்துக்கேய முதியவர் வேலை செய்தார். ரொறன்ரோவின் கொங்கிறீற்றில் பாதி அவருடைய ஊர்க்காரர் கையால் ஊற்றப்பட்டது என்று பெருமையோடு சொல்வார். ஊற்றிய மறுநாள் காலை வந்து, நுரையில் காதை வைத்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடப்பார். நிறைந்த இடம் ஒரு மாதிரி ஒலிக்கும், வெற்றிடம் வேறு மாதிரி ஒலிக்கும். யேசு சொன்ன இரண்டு வீட்டுக் கதையை அவர்தான் எனக்குப் புதிதாகக் காட்டினார். பாறைமேல் கட்டிய வீடும் மணல்மேல் கட்டிய வீடும் வெயில் நாளில் ஒன்று போலவே இருக்கும், மழை வந்த பிறகுதான் எது எது என்று தெரியும் என்பார்.

அது கதை மட்டுமல்ல. பாரிக்குப் பக்கத்தில் அங்கஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. 2014 ஜூன் 17ஆம் திகதி மாலை அதன் வழியாக ஒரு சுழற்காற்று போனது. கூரைகள் பறந்தன. வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் வந்து உடைந்த வீடுகளைப் பார்த்தபோது, கூரைச் சட்டத்தையும் சுவரையும் பிணைக்கும் இடத்தில் கட்டட விதி கேட்ட ஆணிகளை விடக் குறைவாக அடித்திருந்ததைக் கண்டார்கள். ஒவ்வொரு கூரைச் சட்டத்துக்கும் மூன்று ஆணி. அவ்வளவுதான் விதி கேட்டது. அந்த மூன்றாவது ஆணி ஜிப்சத்துக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இருக்கிறது. அதை அடிக்காமல் விட்டவனுக்குக் காற்று வரும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த ஊர்ப் பக்கமாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஆணி நினைவு வரும். பிள்ளைகள் படுக்கிற கட்டிலுக்கு மேலே கூரை நிற்பதும் போவதும் யாரோ ஒருவன் பசித்த மத்தியானத்தில் எடுத்த ஒரு முடிவில் தங்கியிருந்தது.

ஆகவே, நிற்கும் என்பதற்காகப் பிழை விடலாம் என்கிற நியாயத்தை நான் ஏற்கவில்லை. பொறியியலாளர் விட்டு வைத்த மிச்சம் வேலைக்காரனுடைய சொத்து அல்ல. அது அந்த வீட்டில் உறங்கப்போகிறவர்களுக்குச் சொந்தம், தெரியாத ஓர் இரவுக்காக அவர்கள் பெயரில் வைத்தது. பழைய சட்டங்கள் இதைத் தம் வழியில் அறிந்திருந்தன. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டக்கல்லில், வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவனுக்கு மரணம் என்று இருக்கிறது. வீட்டுக்காரனின் மகன் செத்தால் கட்டியவனின் மகனுக்கு மரணம். கொடுமையான நீதி. எனக்கு விவிலியத்தின் உபாகம நூலில், 22ஆம் அதிகாரத்தில் வருகிற கட்டளைதான் பெரிதாகப் படுகிறது. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும், ஒருவன் விழுந்து அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதபடிக்கு. இன்னும் விழாத ஒருவனுக்காக, இன்னும் பிறந்திருக்கவே தேவையில்லாத ஒருவனுக்காக எழுதப்பட்ட சட்டம் அது. மலையும் இடிமுழக்கமும் நிறைந்த ஒரு வேதத்தில் கைப்பிடிச்சுவருக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதை நினைக்கும்போது மனம் நிறைகிறது.

ஆனாலும் விளைவு என்கிற விடை முழுதாக என்னைத் திருப்திப்படுத்தவில்லை. பெரும்பாலான சுவர்கள் எந்தச் சுழற்காற்றையும் காண்பதில்லை. காணாமலே அவற்றின் காலம் முடியும். அப்படியானால் அந்தச் சுவர்களுக்குள் இருக்கும் பொந்துகளுக்கு ஒரு பொருளும் இல்லையா?

இந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வருகிறவர் பூசலார் நாயனார்.

பெரியபுராணத்தில் அவர் வரலாறு சிறியது. தொண்டைநாட்டுத் திருநின்றவூரில் இருந்தவர். சிவனுக்குக் கோவில் கட்ட ஆசை, கையில் பொருள் இல்லை, தேடியும் கிடைக்கவில்லை. மனதுக்குள்ளே கட்டத் தொடங்கினார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோவில் எழுப்பிக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் குடமுழுக்கு நாள் ஒன்றாக அமைந்தது. முதல்நாள் இரவு மன்னன் கனவில் இறைவன் தோன்றி, நாளை நின்றவூர்ப் பூசல் கட்டிய கோவிலுக்குப் போகிறோம், உன் நாளைத் தள்ளி வை என்றார். மன்னன் நின்றவூருக்கு வந்து கோவில் எங்கே என்று கேட்டான். ஊராருக்குத் தெரியவில்லை.

அன்பு பெரிது, ஆடம்பரம் சிறிது என்று காட்டுவதற்காக இந்தக் கதையைச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் கட்டட வேலை செய்கிறவன் காதோடு கேட்டால் சேக்கிழார் வேறொன்றையும் சொல்லியிருக்கிறார். பூசலார் கண்ணை மூடிக்கொண்டு ஒரே நொடியில் கோவிலை நினைத்துவிடவில்லை. நினைத்திருக்கலாம், மனதுக்குள் கல் ஏற்றக் கூலி எதற்கு? அவரோ பொருளை முதலில் சிறுகச் சிறுகச் சேர்த்தார். தச்சரைத் தேடினார். நல்லநாள் பார்த்துத் தளம் இட்டார். இரவும் உறங்காமல் வேலை பார்த்தார். ஒவ்வொரு வரியாக உயர்த்தினார், சிகரம் வைத்தார், சுதை வேலை செய்வித்தார், கிணறு வெட்டினார், மதில் எழுப்பினார், குளம் தோண்டினார். வரிசை பிசகவில்லை, ஒரு படியும் தாண்டவில்லை. ஒருவரும் காணமாட்டார்கள் என்று முழுக்கத் தெரிந்த இடத்தில் அவர் அடித்தளத்தை ஆழமாகப் போட்டார். நிற்க வேண்டிய அவசியமும் அந்தக் கோவிலுக்கு இல்லை. அதன்மேல் மழை பெய்யாது, காற்று அடிக்காது. விளைவு என்ற ஒன்றே இல்லாத வேலை. அதை அவர் முழு வேலையாகச் செய்தார். இறைவன் முதலில் போய்க் குடியேறியது அங்கே.

மன்னனின் கோவில் பொய்யென்று கதை சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இறைவன் அங்கே வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பிறகு வருகிறேன் என்றுதான் சொன்னார். காஞ்சிக் கைலாசநாதர் கோவில் இன்றும் நிற்கிறது. காண்கிற வேலைக்கும் இடம் உண்டு. முறை மட்டும் மாறுகிறது.

அப்படியானால் பூசலாரின் மனதுக்குள் இருந்த சாட்சி யார்? இதற்கு நான் கண்ட விடை மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு நூல், பன்னிரண்டே சூத்திரம். யாழ்ப்பாணத்தில் படித்த எங்களுக்கு நாவலரின் சைவ வினாவிடை பாடமாக இருந்தது. சிவஞானபோதம் பெரியவர்களுக்கு உரியது என்று விட்டுவிட்டோம். ஸ்காபரோவில் ஒரு முதியவர் வீட்டில் சனிக்கிழமை வகுப்பு வைத்தபோதுதான் நான் அதைக் கேட்டேன். பதினோராவது சூத்திரம் சொல்வது இது: கண் தானாகக் காண்பதில்லை. உயிர் கண்ணோடு நின்று அதற்குக் காட்டுகிறது, காட்டும்போது தானும் காண்கிறது. அதுபோலவே உயிரும் தானாக அறிவதில்லை. இறைவன் உயிரோடு உடன்நின்று அதற்குக் காட்டுகிறான், தானும் கூடவே காண்கிறான். இதை மறவாத அன்புதான் அவன் திருவடிக்குப் போகிற வழி.

இதைக் கேட்ட அன்றைக்கு என் நினைவு நேரே சன்னலடித் துளைக்குப் போனது. அந்தத் துளைக்குள் கண் போகாது. கைதான் போகும். வைப்ரேட்டரின் குழாயைப் பிடித்திருக்கிறவனுக்குச் சில விஷயங்கள் தெரியவரும். முதலில் அதன் ஒலி தடுமாறும். காற்று வெளியேற வெளியேற ஒலி மாறி ஒரு நிலைக்கு வரும். துளையின் வாயில் குமிழிகள் வந்து வெடித்து, பிறகு குறையும். சாந்து மினுமினுத்து மேலே எழும். அடியில் நிரம்பிவிட்டது என்று அப்போது கை அறியும். அதுவும் ஒரு காணல்தான். மெய்கண்டார் சொல்வது உண்மையானால், அந்த இருட்டில் என் கை காணும்போது இறைவனும் கூடவே காண்கிறான். மேலேயிருந்து அல்ல, குழாயைப் பிடித்த கைக்குள்ளேயிருந்து. நான் துளையைத் தாண்டி நடந்துவிட்டால், என்னைத் தண்டிப்பதற்கு ஒருவன் பார்த்துவிட்டான் என்பதல்ல இழப்பு. அங்கே காணப்படக்கூடிய ஒன்று காணப்படாமல் போய்விட்டது. அவன் காட்ட வந்ததை நான் காணவில்லை.

பயத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. பயத்தில் பார்க்கிறவன் எதிரே நிற்கிறான். இங்கே பார்க்கிறவன் பக்கத்தில்கூட இல்லை, பார்வைக்குள்ளேயே இருக்கிறான். எதிரே நிற்பவனிடம் ஒளிக்கலாம், கெஞ்சலாம், காசு கொடுக்கலாம். என் பார்வைக்குள் இருப்பவனிடம் அது ஒன்றும் நடவாது. நடத்த வேண்டும் என்றும் தோன்றாது. கடவுள் என்று சொல்லாமல் மனச்சாட்சி என்று சொல்லி நிறுத்துகிறவர்கள் என் நண்பர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய சுவர்களும் நல்ல சுவர்கள். என்னைப் பொறுத்தவரை, மாலை நாலு மணிக்கு லொறி காத்து நிற்கும்போது மனச்சாட்சியும் களைத்துப்போகும், போதும் என்று அதுவே தீர்ப்புச் சொல்லும். களைக்காத ஒரு காணல் என் களைப்புக்குள்ளும் இருக்கிறது என்று நம்புவது எனக்குத் தேவையாக இருக்கிறது.

இந்தச் சுவர்களை விற்பவர்கள் பல தலைமுறை நிற்கும் என்பார்கள். ஆறு அங்குலக் கொங்கிறீற் நாலு மணி நேரம் தீயைத் தாங்கும். ரெக்சஸ் ரெக் பல்கலைக்கழகத்தில் மணிக்கு நூறு மைல் வேகத்தில் மரச்சட்டத்தை எய்து பார்த்தார்கள், சுவரைத் துளைக்கவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் வலிகாமம் வடக்கிலிருந்து வந்தவனுக்கு எந்தச் சுவரும் நிலைக்கும் என்று நம்ப முடியாது. 1990இல் நாங்கள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அந்த ஆண்டோடு நின்றது. அப்பா வாழ்நாள் முழுக்க அந்தச் சீமெந்தில் வேலை செய்தவர். பல வருடத்துக்குப் பிறகு எங்கள் காணியை விடுவித்தபோது நான் போய்ப் பார்த்தேன். கூரை இல்லை, கதவு நிலை இல்லை. முன்சுவர் எறிகணை பட்டுப் பிளந்து கிடந்தது. அப்பா கட்டிய சுவரின் உள்ளை அன்றைக்குத்தான் நான் கண்டேன். சுண்ணாம்புக்கல் சுவரை எங்கள் பக்கத்தில் இரண்டு முகமாகக் கட்டி, நடுவே சிறுகல்லும் சாந்தும் போட்டு நிரப்புவார்கள். கவனமுள்ள மேசன் இடைக்கிடை ஒரு நீளக்கல்லைக் குறுக்கே வைத்து இரண்டு முகத்தையும் பிணைப்பான். வைக்காவிட்டாலும் பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும். பிளந்த இடத்தில் அந்தக் கற்கள் ஒழுங்காக, வரிசை தவறாமல் இருந்தன. நடுவில் எங்கும் பொந்து இல்லை.

நல்ல வேலை வீட்டைக் காப்பாற்றவில்லை. எறிகணைக்குத் தேன்கூடும் ஒன்றுதான், நிறைந்த கல்லும் ஒன்றுதான். அந்தச் சுவரை யாராவது காணவேண்டும் என்றால் அது உடைய வேண்டியிருந்தது. ஆகவே நீண்டகாலம் நிற்கும் என்பதற்காகத்தான் நன்றாகக் கட்ட வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. நிலையாமையைப் பாடிய எங்கள் பெரியவர்கள் இதைக் கேட்டால், அப்படியென்றால் ஏன் கட்டுகிறாய் என்று கேட்பார்கள். அந்தக் கல்லைக் குறுக்கே வைத்த கணத்தில் அப்பாவுக்கு அது முழுமையாக இருந்தது என்பதுதான் என்னிடம் உள்ள விடை. வீடு நின்ற வருடங்கள் அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. வீடு போனது அதிலிருந்து எதையும் குறைக்கவில்லை.

காணாததைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, சுவருக்கு வெளியே காணப்படாமல் போவதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. நுரை பெற்றோலியத்திலிருந்து வருவது. அதில் தீத்தடுப்புக்காகச் சேர்த்துவந்த எச்பிசிடி என்ற இரசாயனம் உயிர்களின் உடலில் தங்கிவிடுவது தெரிந்து, ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை 2013இல் அதை விலக்கும் பட்டியலில் சேர்த்தது. இங்கே இப்போது வேறு பொருள் போடுகிறார்கள். சீமெந்து செய்வதில் வெளியேறும் கரியமிலவாயுவும் சிறிதல்ல. பல பத்தாண்டுக்குக் குறைந்த எரிபொருளில் சூடாக இருக்கும் வீடு அதை ஈடுசெய்யும் என்று நினைத்துத்தான் இந்த வேலையைச் செய்கிறேன். ஆனால் அந்த ஈடு தானாக வராது. ஆறு அங்குலம் போதுமான இடத்தில் எட்டு அங்குலம் ஊற்றக் கூடாது. சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக உருக்காலைக் கசடுத்தூளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்; குளிர்காலத்தில் இறுக நேரம் கூட எடுக்கும், பொறுக்க வேண்டும். புகையும் சுவருக்குள் விழுந்த பொந்தைப் போல ஒருவரும் காணாத இடத்தில்தான் சேர்கிறது.

இப்போது வெப்பக் கமரா வந்திருக்கிறது. கொங்கிறீற் இறுகும்போது சூடு விடும். ஊற்றிய பிறகு கமராவைப் பிடித்தால் நிறைந்த இடம் சூடாகவும் வெற்றிடம் குளிராகவும் படத்தில் விழும். இனி யார் பார்ப்பது என்ற கேள்விக்கு இடமில்லை, எல்லாம் தெரிந்துவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். கமராவை நான் வரவேற்கிறேன். வீட்டுக்காரருக்கு அந்தப் படங்களைக் கொடுக்கிறேன், ஊற்றுக்கு முன் எடுத்த கம்பிப் படங்களையும் சேர்த்து. பூச்சுக்கு முன் ஆளைக் கூப்பிட்ட அப்பா இருந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் கமரா வரும்போது கொங்கிறீற் இறுகத் தொடங்கியிருக்கும். லொறியிலிருந்து இறங்கிய கொங்கிறீற் எங்களுக்குத் தருகிற நேரம் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம். துளைக்கு முன் மண்டியிடுவதா இல்லையா என்பது அதற்குள் முடிந்துவிடுகிறது.

அந்தப் பொடியனுக்கு அன்றைக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. வைப்ரேட்டரை அவன் கையில் கொடுத்து, ஒலி மாறும் வரைக்கும் எடுக்காதே, எப்போது மாறியது என்று எனக்குச் சொல் என்றேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சன்னலடி வேலையைத்தான் முதலில் கொடுக்கிறேன். ஊற்றுக்கு முதல்நாள் பெயர் சொல்லி, எந்தச் சன்னல் யாருக்கு என்று பிரித்துவிடுவேன். ஒலி எப்படி மாறும் என்று ஒரு சன்னலில் கூட இருந்து காட்டுவேன். அடுத்த சன்னலுக்கு அவர்கள் போகும்போது நான் பின்னால் போவதில்லை. பம்ப் குழாய்க்குப் பக்கத்தில் என் வேலையைப் பார்ப்பேன். மறுநாள் காலை எல்லோருமாகச் சேர்ந்து சுவர் நெடுகத் தட்டிக்கொண்டு போவோம்.